மூன்றாம் ஓலைக்கு முன்னால் வந்த பாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே எனக்குள் இழுபறி. எழுத உட்காருவேன். முதல் வரி வருவதற்குள் பயம் வந்துவிடும், எழுந்துவிடுவேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்து, ரயில்வேயில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் எழுதுவதில் ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் அது என் மகளின் வாழ்க்கையில் போய் முட்டும். அவள் இப்போது இன்னொரு வீட்டு மருமகள். அந்த வீட்டின் துக்கமும் இதில் கலந்திருக்கிறது. அவர்களைக் கேட்காமல் எழுதக் கூடாது. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

போன நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த வாரம், எங்கள் அன்பியத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தத் துண்டு வீடியோ மறுபடியும் வந்தது. அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து வாராவாரம் ஜெபிக்கிற கூட்டம். புதிதாகக் குடிவந்த யாரோ தெரியாமல் அனுப்பியிருந்தார். அதன் கீழே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாவுகூட விளையாட்டாகிவிட்டது என்று சிலர் வருத்தப்பட்டிருந்தார்கள். அதில் சிரித்துக்கொண்டிருக்கும் பெண் என் மகள்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு மகளே போன் செய்தாள். "அப்பா, நீங்களே எழுதிடுங்க. அத்தைகிட்ட கேட்டுட்டேன். தாராளமா எழுதட்டும்னாங்க." அத்தை என்று அவள் சொன்னது மாமியாரை. அதனால் எழுதுகிறேன். ஆண்டவர் என் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீடு பாலக்கரையில். மொட்டை மாடியில் நின்றால் எங்கள் மாதா கோவில் கோபுரம் தெரியும். பூசைக்கு அடிக்கிற மணி துள்ளிக்கொண்டு வரும். துக்க மணி அப்படி வராது. ஒரு அடி விழும். அது அடங்கும்வரை அடுத்த அடி விழாது. நடுவில் அருள் நிறைந்த மரியே மந்திரத்தைப் பாதி சொல்லிவிடலாம். அந்த மணி கேட்டால் நடக்கிறவர்கள் நிற்பார்கள், காய் நறுக்குகிறவர்கள் கத்தியைக் கீழே வைப்பார்கள், சிலுவை போட்டுக்கொள்வார்கள். பிறகுதான் யார் தவறிவிட்டார்கள் என்று விசாரிப்பார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்கு சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று வாசிப்பார்கள். பெண் வீட்டுக் கோவிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டுக் கோவிலிலும் வாசிப்பார்கள். மூன்று ஓலையும் முடிந்தால்தான் தாலி.

என் அக்காவுக்கு இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறன்று மற்றவர்களுடைய ஓலையெல்லாம் வாசித்தார்கள், அக்காவுடையதை வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே சாமியாரிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலை அவள் கையில் அப்படியே நின்றுபோயிருந்தது. பூசை முடிந்து எல்லோரும் எங்களைப் பார்க்காத மாதிரி வெளியே போனார்கள். அக்கா அதற்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இன்றும் எங்களோடுதான் இருக்கிறாள். அந்தக் கோவிலுக்குத்தான் போகிறாள். ஓலை வாசிக்கிறபோது மட்டும் தலை குனிந்துகொள்வாள்.

என் மகள் கோவில் பாடகர் குழுவில் தாளம் தட்டக் கற்றுக்கொண்டவள். கல்லூரியில் டிரம்ஸ் பழகினாள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு வைத்தார்கள். பயிற்சியெல்லாம் எங்கள் மாடியில் இருந்த தகரக் கொட்டகையில். கிடார் வாசித்துப் பாடுகிறவன் ஸ்ரீரங்கத்துப் பையன். பதிவு செய்வது, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் அம்மா கொடுத்தனுப்பும் புளியோதரையில் பாதி என் அக்காவுக்குப் போகும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அக்கா சொல்வாள், "இந்தத் தகரத்துல மழை பெஞ்சாக்கூட ஒரு தாளம் இருக்கும்டி. நீங்க போடுறது என்னடி சத்தம்?"

"அத்தை, இதைக் கேக்கறதுக்குன்னே ஆளு இருக்கு."

"இருப்பாங்க, காது போனவங்க."

அக்கா சொன்னது பெரிய பொய்யுமில்லை. அவர்களுடைய ராக் பாட்டைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் ஒரே ஒரு பாட்டாவது எல்லோரும் முணுமுணுக்கிற மாதிரி லேசாகப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணுக்காக வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நிற்கும் ஒருத்தனைப் பற்றிய விளையாட்டுப் பாட்டு. மகளுக்குக் கல்யாணப் பேச்சு முடிந்திருந்த சமயம். மாப்பிள்ளை வையம்பட்டிக்காரர், பள்ளி ஆசிரியர். அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும் தோட்டம் பார்த்துக்கொள்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அவள் டிரம்ஸ் வாசிப்பது தெரியும். அதில் அவருக்குப் பெருமைதான்.

பாட்டு வெளியான அதே வாரத்தில் முதல் ஓலை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெயர்களை வாசித்தபோது நான் சந்தோஷப்பட்டதைவிட நடுங்கியதுதான் அதிகம். அக்கா வழக்கம்போலத் தலை குனிந்திருந்தாள்.

அடுத்த நாள் காலை பால் வாங்கப் போனேன். டீக்கடையிலிருந்து துக்க மணி கேட்டது. கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தேன். சத்தம் அங்கிருந்து வரவில்லை. எனக்கு முன்னால் கூடையோடு போன பூக்காரம்மா நின்று சிலுவை போட்டுக்கொண்டது.

"யாருப்பா தவறிட்டது?"

"யாரும் தவறலக்கா, பாட்டு," என்றார் டீக்கடைக்காரர்.

"பாட்டா? துக்க மணி அடிச்சா பாட்டு ஆரம்பிப்பாங்க?"

"நம்ம ஃபிட்டர் வீட்டுப் பொண்ணு பாட்டுதான். இந்தா, அவரே நிக்கிறாரே, கேளு."

மூன்று அடி. வேறு சத்தமே இல்லாமல் மூன்று அடி. அது அடங்கியதும் டிரம்ஸ் விழுந்து பாட்டு குதித்தது. பூக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தது. பாலை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

மகளைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். அந்த மூன்று அடியைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கடைசியாகப் பாட்டைச் சரிபார்க்கச் சொல்லி அந்த ஸ்ரீரங்கத்துப் பையன் அனுப்பியபோது அவள் கூறைப் புடவை எடுக்கும் கடையில் இருந்திருக்கிறாள். கடைச் சத்தத்தில் முன்பகுதியைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து கேட்டு, சரி என்று அனுப்பியிருக்கிறாள். "எதிர் வீட்டு வாத்தியார் சார் இறந்தன்னிக்கு அவன் மாடில இருந்தான்ப்பா, அப்ப அடிச்ச மணியத்தான் பதிவு பண்ணியிருக்கணும்," என்றாள்.

ஆனால் பாட்டு ஓடிவிட்டது. பழைய ரசிகர்கள் திட்டினார்கள். கத்திக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள், சோப்பு விளம்பரத்துக்குப் போட்ட மெட்டு மாதிரி இருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். புதிதாக வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. கல்லூரிப் பெண்கள் பஸ்ஸுக்கு முன்னால் நின்று ஆடி ஆடி வீடியோ போட்டார்கள். மினி பஸ்ஸில் போட்டார்கள். போனில் அழைப்பு மணியாக வைத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய பயம். எங்கள் தெருவில் யார் போன் அடித்தாலும் துக்க மணி. ஒவ்வொரு முறையும் யாராவது நிற்பார்கள், சிலுவை போடுவார்கள், பிறகு எங்கள் வீட்டைப் பார்ப்பார்கள்.

அந்த வாரமே அந்தத் துண்டு வந்தது. பாட்டின் மணியை மட்டும் வெட்டியெடுத்து, வேறு எங்கோ எடுத்த சவ ஊர்வலத்தை அதற்கு ஒட்டி, கடைசியில் என் மகள் குச்சியைச் சுழற்றிக்கொண்டு சிரிக்கும் இடத்தைச் சேர்த்திருந்தார்கள். யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. பார்த்தால் சவத்தைப் பார்த்து அவள் சிரிக்கிற மாதிரியே இருக்கும். எனக்கே அப்படித் தெரிந்தது. அவளைப் பெற்ற எனக்கே.

இரண்டாவது ஓலை அன்று, யாராவது எழுந்து நிற்பார்களோ என்று என் காது பின்பக்கமே இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் செய்தார்.

"சம்மந்தி, பேசலாங்களா?"

"சொல்லுங்க."

"எங்க அக்கா சரியா சாப்பிடறதில்லைங்க. ஒரு வீடியோ வந்துச்சு. துக்க மணி அடிக்குது, சவம் போகுது, ஒரு பொண்ணு சிரிக்குது. அது நம்ம பொண்ணா?"

"நம்ம பொண்ணுதாங்க. ஆனா அந்தச் சவம் எங்கேயோ எடுத்தது. யாரோ ஒட்டியிருக்காங்க."

"அந்த மணி?"

மணி நிஜம்.

"மூணாவது ஓலையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு அக்கா கேக்குது. மாப்பிள்ளை தள்ள வேணாங்கறான். ஆனா அம்மா பேச்சைத் தாண்ட மாட்டான், உங்களுக்கே தெரியும். மறைச்சு வைக்கக் கூடாதுன்னு சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். "தள்ளிப் போடலாம்னாங்களா?" என்றாள். நான் தலையசைத்தேன். "அன்னிக்கும் பூசைக்கப்புறம் அப்பாகிட்ட அப்படித்தான் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என் மனைவி மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஜெபமும் வரவில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினேன். பாட்டை எடுத்துவிடச் சொல்ல வேண்டும், வேறு வழி தெரியவில்லை. சத்திரத்தில் ஏறிய பஸ்ஸிலும் அந்தப் பாட்டு. காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது அந்த மூன்று அடியும் விழுந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் தாளம் போட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பாலம் எப்போது முடியும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சித்திரை வீதியில் அவர்கள் வீடு. கதவைத் திறந்த அந்த அம்மா, "வாங்கோ, உக்காருங்கோ, காப்பி கலக்கறேன்," என்றார்கள். நான் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பையன் பக்கத்தில் வந்து நின்றான். அது என்ன மணி என்று நான் சொன்னதும் அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"தீபாராதனை மணின்னு நினைச்சுட்டேன் அங்கிள். எங்காத்துல மணி அடிச்சா எல்லாரும் எழுந்து நின்னு சேவிப்போம். அன்னிக்கு உங்க மாடியிலேர்ந்து பாத்தேன், தெருவே நின்னுடுத்து. எல்லாரும் நெஞ்சுல கை வச்சிண்டா. சாமிக்குத்தான்னு நினைச்சேன். நன்னா இருக்கேன்னு பதிவு பண்ணிண்டேன்."

அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். திட்ட வரவில்லை. எங்கள் ஜனம் மணிக்கு நிற்பதைப் பார்த்து அவன் கும்பிடத் தக்கது என்று நினைத்திருக்கிறான். அதில் என்ன பிழை சொல்வேன்?

அவன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஒருத்தர் உசிர் போன நாழியிலயாடா எடுத்திருக்கே? அபசாரம்டா." கோவில் தெருவிலும் நாலு பேர், உன் பிள்ளை பாட்டில் ஏன் சர்ச் மணி என்று கேட்டிருக்கிறார்கள். மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர்களும் ஒரு வாரமாகப் பெருமாளுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே பயம் இருந்திருக்கிறது.

பையன் அன்றைக்கே பாட்டை எடுத்துவிட்டான். "ஆனா எல்லார் போன்லயும் இருக்கே அங்கிள், அதை நான் எப்படி எடுக்கறது?" என்றான். அவன் அம்மாதான் சொன்னார்கள், "நீயே மாப்பிள்ளை ஆத்துக்குப் போய்ச் சொல்லு. இவர் சொன்னா பொண்ணைக் காப்பாத்தப் பூசி மெழுகறார்னு தோணும்."

வையம்பட்டிக்கு நான், என் மகள், அந்தப் பையன், மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் மகள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே வந்தாள். இவளும் என் அக்கா மாதிரி ஓலை வாசிக்கிறபோது தலை குனிகிறவள் ஆகிவிடுவாளோ என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

சம்மந்தியம்மா வேப்பமரத்தடியில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் நாற்காலி போட்டார். அந்த அம்மா என் மகளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பையன் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னான். சொல்லி முடித்து, "மன்னிச்சுக்குங்கம்மா," என்றான்.

"தம்பி எந்த ஊரு?"

"ஸ்ரீரங்கம்."

"உங்கள்ல மணி அடிச்சா நல்லதா?"

"ஆமாம்மா. நல்லதுக்குத்தான் அடிப்போம்."

அந்த அம்மா இன்னும் நாலைந்து கடலையை உடைத்துப் போட்டார்கள். "நான் அந்தத் துண்டைத்தான் பாத்தேன். முழுசாப் போடு," என்றார்கள்.

எனக்கு வேண்டாம் என்று இருந்தது. பையன் போனில் போட்டான். முதல் அடியிலேயே அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்கள். பிறகு பாட்டு. பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிற அந்தப் பையனின் கதை கடைசிவரை ஓடியது. ஒரு துக்க வீட்டுப் பெண்ணின் முன்னால் அந்தக் குதியாட்டத்தைக் கேட்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"மறுபடி மணியை மட்டும் போடு."

போட்டான்.

"எங்க வீட்டுக்காரருக்கு மணி அடிக்கல," என்றார்கள். "அந்தத் தொத்து நோய் சமயம். ஆஸ்பத்திரியிலேர்ந்து பொட்டலமாக் கட்டிக் குடுத்தாங்க. கோவில் பூட்டிக் கிடந்துச்சு. பூசையில்ல, ஆள் இல்ல, ஒரு அடி அடிக்கல. ஊர்ல யாருக்கு மணி அடிச்சாலும் எனக்கு அதான் நெனப்பு. அவருக்குக் கெடைக்காத மணிய வச்சு என் வீட்டுக்கு வரப்போற பொண்ணு ஆடுதுன்னு சொன்னா, நான் என்ன செய்வேன்?"

பிறகு முதல்முறையாக என் மகளைப் பார்த்தார்கள். "இது எந்தப் புண்ணியவானுக்கு அடிச்சது?"

"எதிர் வீட்டு சாருக்கு, அத்தை. எனக்கு முதல்ல எழுத்து சொல்லிக் குடுத்தவர்."

அந்த அம்மா எழுந்து நின்று இறந்தோருக்கான ஜெபத்தைச் சொன்னார்கள். நாங்களும் சேர்ந்து சொன்னோம். பையன் கைகூப்பி நின்றான். முடிந்ததும் சேலையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு வீட்டுக்குள் போனவர்கள் திரும்ப வரவில்லை. தாய்மாமன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, போயிட்டு வாங்க," என்றார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் திரும்பி வரும்போது, "அப்பா, வாசிக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். ஜெபம் பண்ணும்மா என்றேன். எனக்கு அதைத் தவிர என்ன தெரியும்?

மூன்றாவது ஞாயிறு. அக்கா என் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சாமியார் ஓலையை எடுத்தார். முதலில் வேறு பெயர்கள். எனக்கு என் பள்ளிக்கூட வயது திரும்பி வந்துவிட்டது. பிறகு என் பெயர், என் மகள் பெயர். வாசித்துவிட்டார். பக்கத்தில் பார்த்தேன். அக்கா இந்த முறை தலை குனியவில்லை.

ஆனால் இங்கே வாசித்தால் போதாது. மாப்பிள்ளை வீட்டுக் கோவிலில் பூசை எங்கள் பூசைக்குப் பிறகுதான். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. போனை மேசை மேல் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அடித்தது. சம்மந்தியம்மா எண். காதில் வைத்தேன். பேச்சில்லை. துக்க மணி. ஒரு அடி. அடங்கியது. அடுத்த அடி.

யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். மாப்பிள்ளையோ என்று நினைத்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"சம்மந்தி, கேக்குதா?"

"கேக்குதுங்க. யாரு... யாருங்க?"

"எங்க வீட்டுக்காரருக்கு. ஓலை வாசிச்சு முடிச்சதும் சாமியார்கிட்ட கேட்டேன். லேட்டானாலும் அடிக்கலாமான்னு. அடிங்கன்னுட்டாரு. என் தம்பிதான் கயிறு இழுக்கறான். போனைப் பொண்ணுகிட்ட குடுங்க, அவளும் நின்னு கேக்கட்டும்."

கொடுத்தேன். மகள் எழுந்து நின்று, சிலுவை போட்டுக்கொண்டு, மணி அடித்து முடியும்வரை கேட்டாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிள்ளைகள் மணியில்லாமல் அந்தப் பாட்டைத் திரும்ப வெளியிட்டார்கள். மணி எங்கே, மணி இருந்தால்தான் நன்றாக இருந்தது என்று கேட்டார்களாம். பிறகு அதையும் மறந்துவிட்டார்கள். அந்தத் துண்டு மட்டும் மறக்கப்படவில்லை. கல்லறைத் திருநாள் சமயத்தில் யாராவது ஒருவர் அதை அனுப்புவார். அது வையம்பட்டியில் யார் போனில் போய் விழுமோ, பள்ளிக்கூடத்தில் மருமகனை யார் கேட்பார்களோ, நாளைக்குப் பேரப்பிள்ளை பார்க்குமோ என்று எனக்கு இன்னும் பயம் போகவில்லை.

அதனால் இதை வாசிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். அந்தத் துண்டு உங்களுக்கு வந்தால் அதற்குப் பதிலாக இதை அனுப்புங்கள். அனுப்பும்போது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அப்படியே அனுப்புங்கள். மணியை மட்டும் வெட்டியெடுத்ததில் எங்கள் வீடு பட்டது போதும். நீளமாக இருக்கிறது என்று குறைக்க வேண்டாம், நல்லதுக்கு என்றுகூட ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். வாசித்து முடித்தால், மணியில்லாமல் போன அந்த மனிதருக்காக ஒருமுறை ஜெபித்துக்கொள்ளுங்கள்.